உண்டியலுக்கு மூன்று சாவி, பிளாப்பிக்கு நான்கு

கோயில் உண்டியலை யாரும் தனியாகத் திறப்பதில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஆளுக்கொரு சாவியோடு வர வேண்டும். ஒருவருக்கு வேலை நாள் என்றால் மற்ற இருவரும் காத்திருக்க வேண்டியதுதான். பூட்டு திறந்ததும் பாய் விரித்துக் காசைக் கொட்டுவார்கள். சிறுவர்கள் சில்லறை பிரிக்க, பெரியவர்கள் நோட்டு எண்ண, ஒருவர் கணக்கு எழுதுவார். இந்த ஏற்பாட்டை அவநம்பிக்கை என்று யாரும் சொல்வதில்லை. பொதுச்சொத்து என்றால் பொறுப்பையும் பொதுவில் வைப்பது நம் ஊர் வழக்கம்.

அண்மையில் பேராக்கில் ஒரு பழைய தோட்டத்துக் கோயிலுக்குப் போயிருந்தேன். உண்டியல் எண்ணி முடித்த அறையில், அலமாரியின் மேல்தட்டில், பழைய பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. உள்ளே இருபதுக்கும் குறையாத பிளாப்பி வட்டுகள். பால்பாயின்ட் பேனாவில் எழுதி ஒட்டிய தாள்கள் மஞ்சளாகியிருந்தன: ‘ஆண்டு மலர் 97’, ‘உறுப்பினர் பட்டியல்’, ‘திருவிழா வரவு செலவு’. கித்தா (ரப்பர்) மரங்கள் நின்ற தோட்டம் இன்று செம்பனை. லயங்கள் இல்லை. அங்கிருந்த குடும்பங்கள் ஈப்போ, புந்தோங், சுங்கை சிப்புட் தாமான்களுக்குப் போய்விட்டன. திருவிழாவுக்கு மட்டும் திரும்பி வருகின்றன. டின்னைத் தூக்கிப் போடவும் செயலாளருக்கு மனம் வரவில்லை, திறந்து படிக்கவும் வழி தெரியவில்லை. அவர் வீட்டில் மூன்று கணினிகள் இருக்கின்றன. ஒன்றில்கூட பிளாப்பி நுழையும் வாய் இல்லை.

இந்த டின்னுக்கும் சாவிகள் இருக்கின்றன. அவை யார் யார் கையில் இருக்கின்றன என்று நாம் இன்னும் கணக்கெடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு முரணை முதலில் பார்ப்போம். அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் கிராணி மையில் எழுதிய பெயர்ப்பதிவேடு கரையான் தின்னாமல் தப்பியிருந்தால், இன்றும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிடலாம். கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று முதிர்ந்த மரமாக இன்றும் நிற்கிறது. ஆனால் 1997-இல் தட்டச்சு செய்த ஆண்டு மலரைப் படிக்க முடியவில்லை. பழையது தெளிவாக இருக்கிறது, அண்மையது இருண்டு கிடக்கிறது.

அந்த இருட்டு விழுந்த காலத்தையும் கவனியுங்கள். 1990-களில் கித்தாவை வெட்டிச் செம்பனை நடுவதும், தோட்டங்கள் வீடமைப்புக்குப் போவதும், மக்கள் பட்டணம் பெயர்வதும் வேகமாக நடந்தன. கணினித் தமிழ் பரவி, மலர்களும் அழைப்பிதழ்களும் அச்சுக்கோப்பை விட்டுத் திரைக்கு ஏறியதும் அதே ஆண்டுகளில்தான். தோட்ட வாழ்வின் முதல் அத்தியாயங்களைக் கையால் எழுதினோம், கடைசி அத்தியாயத்தைத் தட்டச்சு செய்தோம். அந்தக் கடைசி அத்தியாயம்தான் இப்போது பிஸ்கட் டின்களில் இருக்கிறது.

கணினித் தமிழில் மலேசியாவுக்கு உள்ள பெருமை சிறிதல்ல. நம் முத்து நெடுமாறன் 1980-களின் நடுப்பகுதியில் தொடங்கிய முயற்சி ‘முரசு அஞ்சல்’ ஆயிற்று. உலகத் தமிழர் பலர் அதில்தான் முதல் தமிழ்ச் சொல்லைத் திரையில் பார்த்தார்கள். 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியது. முன்னால் ஓடியவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்றும் அதனாலேயே நமக்கு வந்தது. யூனிகோடு அட்டவணையில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றாலும், வின்டோஸ் அதை ஏற்றுக்கொண்டது வின்டோஸ் 2000 வந்த பிறகுதான். அதுவரை ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. ‘பாமினி’யில் தட்டிய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் கொட்டிக் கிடக்கும், மெய்யெழுத்தின் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் அரைப்புள்ளி நிற்கும். டிஸ்கி, டாப், டாம் என்று முறைகள் பல. எது எதில் தட்டியது என்று தட்டியவருக்குத்தான் தெரியும்.

இந்த டின்னைத் திறப்பதென்றால் உண்மையில் என்ன வேலை? பிளாப்பியைப் படிக்கும் கருவி, கோப்பை உருவாக்கிய மென்பொருள், அந்த மென்பொருள் ஓடும் இயங்குதளம், எழுத்துரு என்று நான்கு அடுக்குகள் இருக்கின்றன. பலர் தடுக்கி விழுவது மூன்றாவதில். பழைய வின்டோஸ் குறுந்தகட்டைத் தேடி எடுத்து, புதுக் கணினியில் ஏற்றிப் பார்த்து, கறுப்புத் திரையோடு நின்றுவிடுகிறார்கள்.

காரணம் எளிதானது. தோட்டத்துப் பெரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் கிராணி பெயர் கூப்பிட வேண்டும், ஆள் ‘இருக்கேன்’ என்று சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் வேலை. கணினியை இயக்கியதும் நடப்பது அதுதான். பழைய கணினியில் ‘பயாஸ்’ என்ற கிராணி, வட்டின் முதல் 512 பைட்டைப் படித்து, அங்கிருக்கும் சிறு நிரலிடம் பொறுப்பை ஒப்படைப்பார். இன்றைய கணினியில் இருப்பவர் ‘யூஇஎஃப்ஐ’ என்ற புதுக் கிராணி. அவர் தனிப் பிரிவொன்றில் குறித்த வகைக் கோப்பைத் தேடுவார். சில வேளை அதில் முத்திரையும் கேட்பார். வின்டோஸ் 98 வரிசையில் நின்றாலும் அவருடைய பட்டியலில் பெயர் இல்லை. பழைய முறையிலும் கூப்பிடும் வசதியைச் சில காலம் கணினிகளில் வைத்திருந்தார்கள். 2020-க்குள் அதை நீக்கப் போவதாக இன்டெல் நிறுவனம் 2017-இல் அறிவித்தது. கடைகளில் இன்று வாங்கும் மடிக்கணினிகள் பலவற்றில் அது இல்லை.

பெரட்டைத் தாண்டினாலும் முடியவில்லை. வின்டோஸ் 98 பிறந்தபோது வீட்டுக் கணினியில் 32 அல்லது 64 மெகாபைட் நினைவகம் இருந்தது. 512 மெகாபைட்டைத் தாண்டினாலே அது தடுமாறத் தொடங்கும். இன்றைய பல கிகாபைட்டைக் கண்டதும் ‘போதிய நினைவகம் இல்லை’ என்று முறையிட்டு நின்றுவிடுவதும் உண்டு. குழியில் சோறு போட்டுச் சாப்பிட்டவரை விருந்து மண்டபத்தில் உட்கார வைத்தது போல, மிகுதியே அதற்குத் தட்டுப்பாடாகிறது. வின்டோஸ் எக்ஸ்பி புதிய வகை வட்டு இணைப்பைக் கண்டுகொள்ளாமல் நீலத் திரையில் முடியும். வின்டோஸ் 7-இன் நிறுவல் வட்டுக்கு யூஎஸ்பி 3 தெரியாது. விசைப்பலகையும் எலியும் செத்துப்போய், ‘அடுத்து’ என்று தட்டக்கூட முடியாது. வின்டோஸ் 11-லேயே பழைய மென்பொருளை நிறுவலாமே என்றால், அது 64-பிட் தளம். 16-பிட் நிரலை ஓட்டாது. 1990-களின் மென்பொருள்கள் பலவற்றில் நிறுவும் நிரலாவது 16-பிட்டாக இருக்கும், கதவிலேயே நின்றுவிடும்.

இதற்கெல்லாம் வழி உண்டு. வழிகளை அறிந்தவர்களும் நம்மிடையே உண்டு. முதல் வழி, பழைய வீட்டையே காப்பது. பென்டியம் 3 காலத்துக் கணினி ஒன்று நல்ல நிலையில் இருந்தால், வின்டோஸ் 98-க்கு அது பிறந்த வீடு. காசு வடிவ பேட்டரியை மாற்றி, தூசி தட்டி, மின்தேக்கிகள் வீங்கியிருக்கின்றனவா என்று பார்த்தால் ஓடக்கூடும். அதற்கான கருவியைப் பொருத்தினால், 1980-களின் ஐந்தேகால் அங்குலப் பிளாப்பிகளைப் படிக்கவும் அது உதவும். இரண்டாம் வழி, பழைய முறையிலும் கூப்பிடத் தெரிந்த நடுவயதுக் கணினி. மூன்றாம் வழி, புதுக் கணினிக்குள்ளேயே பழைய கணினியை நடிக்க வைப்பது. டாஸ்பாக்ஸ், 86பாக்ஸ், விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருள்கள் இலவசம். டாஸ் நிரல்களுக்கு 1994 முதல் வளர்ந்துவரும் ஃப்ரீடாஸ் இருக்கிறது. நீண்ட காலத்துக்கு மூன்றாம் வழியே நிலைக்கும், ஏனென்றால் இரும்பு துருப்பிடிக்கும், நிரலைப் படி எடுக்கலாம். ஆனால் பிளாப்பியிலிருந்து அந்த நடிப்புக் கணினிக்குள் கோப்பைக் கொண்டுபோக, எங்காவது ஓர் உண்மையான பிளாப்பிக் கருவி வேண்டும்.

‘வெறும் எழுத்துக்கு இவ்வளவு பாடா? எழுத்துருவைத் தேடிப் போட்டால் போதாதா?’ என்று கேட்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சாதாரண உரைக் கோப்பென்றால், எழுத்துரு எதுவென்று தெரிந்தால், சுரதாவின் ‘பொங்கு தமிழ்’ போன்ற மாற்றிகளே யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடும். பழைய இயங்குதளம் வேண்டியதில்லை. வேண்டாத இடத்தில் அதை நிறுவிப் பொழுதைக் கழிக்கவும் தேவையில்லை. ஆனால் ஆண்டு மலர் பெரும்பாலும் பேஜ்மேக்கரில் கட்டியதாக இருக்கும். அதன் கடைசிப் பதிப்பு வந்தது 2001-இல். பக்க அமைப்பு, படத்தின் கீழுள்ள பெயர்கள், யார் யாருக்கு அருகில் நிற்கிறார் என்பதெல்லாம் அந்த மென்பொருளுக்குள் திறந்தால்தான் முழுதாகத் தெரியும். கோயில் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் யாரோ ஒருவர் எழுதிக்கொடுத்த தனி நிரலில் இருக்கக்கூடும். அங்கேதான் பழைய வீட்டைத் திறந்தாக வேண்டும்.

பெரிய நாடுகளும் இந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தவைதான். இங்கிலாந்தில் 1086-இல் எடுத்த நிலக் கணக்கேடு ‘டூம்ஸ்டே புத்தகம்’. அதன் 900-ஆம் ஆண்டை ஒட்டி 1986-இல் பிபிசி ஒரு புதுக் கணக்கேடு தொகுத்தது. பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தத்தம் ஊரைப் பற்றி எழுதினார்கள், படம் எடுத்துக் கொடுத்தார்கள். எல்லாம் லேசர் வட்டில் ஏறியது. பதினைந்து ஆண்டுகளில் அந்த வட்டைப் படிக்கும் கருவியும் கணினியும் அருகிப்போயின. தோலில் எழுதிய 1086-இன் ஏடு படிக்கக் கிடைத்தது, 1986-இன் வட்டு ஊமையாயிற்று. பின்னர் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பழைய கணினியைப் புதியதில் நடிக்க வைத்து, 2002-இல் அதைப் பேச வைத்தன. இரண்டு பல்கலைக்கழகங்கள் வேண்டியிருந்த வேலை அது. நம் தோட்டத்து மலர்களுக்கு அப்படி யாரும் வந்து நிற்கப் போவதில்லை. நாமேதான் கூட வேண்டும்.

நம் டின்னின் சாவிகளை எண்ணுவோம்.

முதல் சாவி, டின்னை வைத்திருப்பவரிடம். கோயில் நிர்வாகம், பள்ளி வாரியம், முன்னாள் மாணவர் சங்கம், மறைந்த செயலாளரின் குடும்பம். இவர்கள் தொழில்நுட்பம் அறிய வேண்டியதில்லை. வீடு மாறும்போதும் அலுவலகத்துக்கு வெள்ளையடிக்கும்போதும் குப்பை லாரியை நிறுத்தினாலே போதும். பேராக்கின் ஈரப்பதம் பொல்லாதது. தைப்பிங் மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பூசணம் பிடித்த பிளாப்பியைக் கருவியில் போட்டால் கருவியும் கெடும். ஆகவே உலர்ந்த இடத்தில் வைத்து, எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிளாப்பியின் மூலையிலுள்ள சிறு தாழ்ப்பாளை நகர்த்தித் துளை தெரியும்படி வைத்தால் யாரும் தவறி அதன் மேல் எழுத முடியாது. ‘இந்த வட்டை ஃபார்மெட் செய்யவா?’ என்று கணினி கேட்டால், ‘வேண்டாம்’ என்பதே பதில். பதற்றத்தில் ‘சரி’ என்று தட்டினால் ஒரு தோட்டத்தின் கடைசி ஏடு அழிந்துவிடும்.

இரண்டாம் சாவி, தட்டியவரிடம். அன்று ஈப்போவின் சிறு அச்சகங்களிலும் வீட்டு முன்னறைகளிலும் இரவு விழித்து மலர் கட்டியவர்கள் இன்று பாட்டன் பாட்டிகள். எந்த எழுத்துரு, எந்தப் பதிப்பு, படங்களை எந்தப் பிளாப்பியில் வைத்தோம் என்பது அவர்கள் நினைவில் மட்டும் இருக்கிறது. பத்து நிமிடப் பேச்சு பத்து நாள் தேடலை மிச்சப்படுத்தும். இந்தச் சாவிக்கு ஆயுள் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாம் சாவி, கருவியும் கைப்பக்குவமும் உள்ளவரிடம். கணினி பழுது பார்க்கும் தம்பிகளின் கடை மூலையில் பழைய கணினிகள் அடுக்கிக் கிடக்கின்றன. வின்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நின்றதால் அலுவலகங்கள் கழித்துக்கட்டும் கணினிகள் இன்னும் பல வரும். நல்லதாக ஒன்றிரண்டை ஊருக்கென ஒதுக்கி வைக்கலாம். பழைய இயங்குதளம் நிறுவிப் பார்க்கும் ஆர்வம் இளைஞர்களிடம் விளையாட்டாகவே இருக்கிறது. பழைய கேம் விளையாடத்தான் பலர் அதைக் கற்றுக்கொள்கிறார்கள். அந்தக் கைக்கு ஒரு காரியம் கொடுப்போம். ஈப்போவில் 1969 முதல் உங்கு ஓமார் பாலிடெக்னிக் இருக்கிறது, கம்பாரிலும் ஸ்ரீ இஸ்கண்டாரிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அங்கே படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது நல்லதொரு விடுமுறைப் பணி.

நான்காம் சாவி, பெயர் தெரிந்தவரிடம். மாற்றி மென்பொருள் எழுத்தைத் திருப்பித் தரும். அது எந்த ‘முனியம்மா’, எந்த ‘முனியாண்டி’ என்று அதற்குத் தெரியாது. படத்தில் ஆயாக்கொட்டகை முன்னால் நிற்பவர் யார், எந்தக் கங்காணியின் மகள், எந்த லயத்து வீடு என்று சொல்ல ஒரு பாட்டி வேண்டும். கணினியைத் தொட்டறியாத அந்தப் பாட்டி இல்லாவிட்டால், மீட்டெடுத்த கோப்பு வெறும் எழுத்துக் குவியல்தான்.

நான்கு பேரில் ஒருவர் மற்றவருக்குப் பெரியவர் இல்லை. இந்த வேலை இதுவரை நடக்காமல் போனதற்கும், பொறுப்பு இப்படி நால்வரிடமும் பிரிந்து கிடப்பதே காரணம். டின் வைத்திருப்பவர் ‘இது கணினிக்காரர் வேலை’ என்கிறார். கணினிக்காரர் ‘யாரும் கொண்டுவந்து கொடுக்கவில்லையே’ என்கிறார். பாட்டியிடம் யாரும் கேட்கவில்லை. குற்றம் ஒருவர் மீதும் இல்லை, ஆனால் காலம் யாருக்காகவும் நிற்பதில்லை.

நாம் வழக்கமாகத் தடுக்கி விழும் இன்னொரு கல்லும் உண்டு. எந்தச் சங்கத்தின் பேரில் செய்வது, பதாகையில் யார் படம், திறப்பு விழாவுக்கு யாரை அழைப்பது? டின்னைத் திறப்பதற்கு முன்பே இந்தக் கேள்விகள் எழுந்தால், டின் இன்னும் இருபது ஆண்டு மூடியே இருக்கும். சொத்து அந்தந்தக் கோயிலுக்கும் பள்ளிக்குமே உரியது, படி எடுக்கும் வசதி மட்டும் எல்லார்க்கும் பொது என்று தொடக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டால் பாதிப் பூசல் தீரும்.

சில ஒழுங்குகளும் வேண்டும். பழைய இயங்குதளம் ஓடும் கணினியை இணையத்தோடு இணைக்கக் கூடாது. எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு நின்றது 2014-இல், 98-க்கு 2006-இல். திறந்த வீட்டில் பூட்டில்லாப் பெட்டி போன்றவை அவை. ஆதரவு நின்றதால் உரிமமும் இலவசமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். கையில் உள்ள உரிமத்தோடு செய்வோம், அல்லது ஃப்ரீடாஸ் போன்ற திறந்த வழியில் செய்வோம். எதையும் திறந்து பார்ப்பதற்கு முன் வட்டை அப்படியே முழுப் படி எடுத்து, மூலத்தைத் தொடாமல் வைக்க வேண்டும். யூனிகோடு உரை, பக்க அமைப்பு மாறாத பிடிஎஃப், முழுப் படி மூன்றையும் மூன்று வேறு இடங்களில் வைப்பது நல்லது. உறுப்பினர் பட்டியலில் அடையாள அட்டை எண்ணும் குடும்ப விவரமும் இருக்கும். அவை இணையத்தில் ஏறக் கூடாது. மலர் ஊருக்கு, பட்டியல் அந்தந்தக் குடும்பத்துக்கு. உதவாமல் போன பழைய கணினியையும் ஆற்றங்கரையில் வீசிவிட்டுப் போகாதீர்கள். நம் நாட்டுச் சட்டத்தில் மின்னணுக் கழிவு அட்டவணைக் கழிவாகும். அதற்குரிய இடத்தில்தான் சேர்க்க வேண்டும்.

இவ்வளவும் நினைவுக்காக மட்டுமா? பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாமல் அலுவலகம் அலுவலகமாக அலைந்த தோட்டக் குடும்பங்களை நமக்குத் தெரியும். பள்ளிச் சேர்க்கைப் பதிவும் கோயில் திருமணக் குறிப்பும் தங்கள் கதைக்குத் துணை நிற்குமா என்று தேடியவர்கள் அவர்கள். தோட்ட அலுவலகம் மூடிவிட்டது, கிராணி போய்விட்டார். ஒரு பெயர், ஓர் ஆண்டு, ஓர் ஊர் என்று எழுதிய வரி எங்கோ ஒரு பிளாப்பியில் இருக்கக்கூடும். 1.44 மெகாபைட் இன்றைக்குக் கைப்பேசி எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே போதாது. ஒரு தோட்டத்தின் எல்லாப் பெயர்களையும் எழுத அது தாராளம்.

கூடிச் செய்வது பேராக்குக்குப் புதிதல்ல. தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பால்மரம் சீவியவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். பத்து வெள்ளியால் ஒரு மரத்தைக்கூட வாங்க முடியாது என்று அன்று யாரும் கணக்குப் பார்த்து உட்காரவில்லை. இன்று கேட்பது நிலமும் இல்லை, பெரும் பணமும் இல்லை. மாவட்டத்துக்கு ஒரு பழைய கணினி, அதை வைக்க ஒரு மேசை, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அடுத்த முறை உண்டியல் திறக்கும் நாளில், அலமாரியின் மேல்தட்டையும் ஒருமுறை பாருங்கள். டின் இருந்தால் அதையும் பாய்க்குக் கொண்டுவாருங்கள். அச்சகத்து அண்ணனுக்கு ஒரு போன், கடைத் தம்பிக்கு ஒரு போன் போடுங்கள். பாட்டியை அழைத்துவர ஒரு கார் போகட்டும். காசு எண்ணி முடிவதற்குள், முதல் பிளாப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது வாய்விட்டுப் படித்துக்கொண்டிருக்கக்கூடும்.